அளவும் ஐயமும்: சுற்றுச்சூழல் மின்னணுப் பட்டறைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

தென்மேற்கு ஜெர்மனியில் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்திருக்கும் ஸ்டுட்கார்ட் நகரம், மோட்டார் வாகனத் தொழிலால் உலகப் புகழ் பெற்றது போலவே, அவ்வாகனங்களால் கெட்ட காற்றுக்காகவும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. குளிர்காலத்தில் மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்ந்த காற்றுமாக அடுக்கு மாறி நின்றுவிடும் நாட்களில், குன்றுகளுக்கிடையே தேங்கிய காற்று கலைந்து போக வழியின்றி அங்கேயே தங்கிவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி நாள் சராசரியாக 50 மைக்ரோகிராமைத் தாண்டும் நாட்கள் ஆண்டுக்கு 35-க்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நெக்கார்டோர் என்னும் சாலைச் சந்திப்பில் அரசாங்கம் வைத்திருந்த அளவை நிலையமோ, 2017 வரையில் ஆண்டுதோறும் அந்த வரம்பு மீறப்படுவதையே பதிவு செய்து வந்தது. 2016 ஜனவரி முதல், காற்று தேங்கும் நாட்களில் மக்கள் கார்களை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டுமென்று நகர நிர்வாகம் 'நுண்தூசி எச்சரிக்கை' விடுக்கத் தொடங்கியது.

அரசாங்க நிலையத்தின் அளவை முறையில் விஷயமறிந்தவர் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை வடிகட்டியில் பிடித்து, அந்த வடிகட்டியை நிர்ணயிக்கப்பட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்திருந்து, பிறகு நுட்பமான தராசில் நிறுத்துப் பார்ப்பதே இத்துறையில் மூலப் பிரமாணமாகக் கொள்ளப்படும் முறை. ஆயினும் அம்முறைக்கு ஈடுகொடுக்கும் நிலையங்களை நிறுவவும் பராமரிக்கவும் பெரும் பொருட்செலவு ஆவதால், ஒரு பெரிய நகரத்திலும் அவை விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருக்கும். சந்திப்பிலிருந்து நான்கைந்து தெரு தள்ளி மேட்டில் குடியிருக்கும் ஒரு தாய், தன் குழந்தை உறங்கும் அறையின் சன்னலுக்கு வெளியே காற்று எப்படியிருக்கிறது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு விடையளிக்கும் சாதனம் எவரிடமும் இல்லை. இந்த இடைவெளியில்தான், 2015-ஆம் ஆண்டில், ஓ.கே. லேப் ஸ்டுட்கார்ட் என்ற தன்னார்வலர் குழு புகுந்தது. நகரத்தில் 300 வீடுகளில் மக்கள் தம் கையாலேயே செய்த தூசிமானிகளைப் பொருத்திவிட வேண்டுமென்பது அவர்களுடைய முதல் சங்கற்பம். லுஃப்ட்டாட்டன் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் சென்சார் கம்யூனிட்டி என்று பெயர் மாறிய அந்த முயற்சி, சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளிலாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கருவிகளைக் கொண்டதாக வளர்ந்துவிட்டது.

அந்தக் கருவியின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அதன் உள்ளே இருக்கிறது. எஸ்.டி.எஸ். 011 என்ற சிறு சீனத் தயாரிப்பான உணரி ஒன்று. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அறியும் மற்றோர் உணரி. வைஃபை வழியாகச் செய்தி அனுப்பவல்ல நோட்எம்சியு என்னும் சிறிய சர்க்யூட் போர்டு. அவற்றை இணைக்கச் சில வண்ணக் கம்பிகள். மின்சாரத்துக்குக் கைப்பேசிக்குப் போடும் சாதாரண சார்ஜர். இவ்வளவையும் மழை படாமல் காக்கும் கூடு எது என்று பார்த்தால், கட்டிடச் சாமான் கடையில் விற்கும் வடிகால் குழாயின் வளைவுகள் இரண்டு, ஒன்றோடொன்று செருகப்பட்டு, வாய்கள் கீழ் நோக்கியவாறு தொங்குகின்றன. அந்நாளில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 40 யூரோவுக்குள் அடங்கிவிட்டது. பற்றவைக்கும் வேலை கூட இதில் இல்லை. கம்பிகளைச் செருகினால் போதும். பள்ளிப் பிள்ளைகளும், ஓய்வுபெற்ற முதியவர்களும், ஒரு மின்சுற்றைத் தம் வாழ்நாளில் தொட்டறியாத இல்லத்தரசிகளும் பட்டறையில் ஒரு மாலைப் பொழுதுக்குள் இதைச் செய்து முடித்து எடுத்துக்கொண்டு போகத்தக்கதாக வேண்டுமென்றே அதை அவ்விதம் வகுத்தார்கள்.

உணரியின் உள்ளே நடப்பது இதுதான். ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது; இழுத்த காற்றின் குறுக்கே லேசர் கதிர் ஒன்று பாய்கிறது; ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியாக இருண்ட அறைக்குள் விழும் வெயிலில் தூசி மினுங்குவது போல, ஒவ்வொரு துகளும் கதிரில் படும்போது ஒளியைச் சிதறடிக்கிறது; அந்த மினுக்கத்தை ஒளியுணரி மின்துடிப்பாக மாற்றுகிறது. துடிப்பின் அளவைக் கொண்டு துகளின் பருமனையும், துடிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு துகள்களின் தொகையையும் கணித்து, பிறகு அத்துகள்களுக்கு இன்ன அடர்த்தி இருக்குமென்று அநுமானித்து, இத்தனை மைக்ரோகிராம் என்று அந்தச் சிறு கருவி விடை சொல்லுகிறது. தராசு நிறுக்கிறது, இது பார்த்து மதிப்பிடுகிறது. பிரத்தியட்சத்துக்கும் அநுமானத்துக்கும் உள்ள தூரம் இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

இலையுதிர்காலத்தில் மூடுபனி இறங்கிய ஒரு விடியற்காலையில் அந்தத் தூரம் எல்லோருக்கும் வெளிப்பட்டுவிடும். கருவிகள் அனுப்பும் அளவுகளைக் காட்டும் வலைப்பின்னலின் வரைபடத்தில் ஒவ்வொரு கருவியும் இருக்குமிடம் ஓர் அறுகோணமாகக் காட்டப்படுகிறது. காற்று தூய்மையாக இருந்தால் பச்சை, கெடக் கெட மஞ்சள், சிவப்பு, ஊதா. பனி மூடிய அந்த நேரத்தில் ஒரு வாகனமும் ஓடாத ஊர்ப்புறத்திலும் அறுகோணங்கள் சிவந்துபோகும். ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரை ஏற்று உப்புகின்றன. பனித்துளிகளே கூடக் கதிரின் குறுக்கே மிதந்து செல்கின்றன. லேசருக்கு நீரென்றும் புழுதியென்றும் பேதம் தெரியாது. உணரி இயங்குவதற்கு ஏற்ற ஈரப்பதம் 70 சதவீதம் வரைதான் என்று அதைச் செய்தவர்களே குறித்திருக்கிறார்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் சுற்றுச்சூழல் நிறுவனம் இதே உணரியைத் தன் நிலையக் கருவிகளின் அருகே வைத்துச் சோதித்து, வறண்ட சாதாரண நாட்களில் போக்கை ஓரளவு சரியாகவே காட்டும் அது, ஈரம் மிகுந்த நாட்களில் தடுமாறிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தது.

இந்தச் செய்தியைக் கேட்டவுடன், சாமானியர் செய்யும் கருவிகளால் பிரயோஜனம் இல்லையென்று தள்ளிவிடுவது எளிது. பல நிபுணர்கள் அப்படியே தள்ளியுமிருக்கிறார்கள். எனக்கு அதற்கு நேர்மாறான அபிப்பிராயம் உண்டு. கடையில் வாங்கி அலமாரியில் வைத்த காற்றுமானி ஒன்று 180 என்று காட்டினால், வாங்கியவர் அதை நம்புவார், அல்லது அஞ்சுவார். அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்று விசாரிக்க அவருக்கு வழியில்லை. வளைகுழாய்க்குள் உணரியைத் தாமே கட்டிப் பொருத்திய மனிதருக்கோ, விசிறி எந்தப் பக்கமிருந்து காற்றை இழுக்கிறது என்பதும், ஈரப்பதம் காட்டும் உணரி பக்கத்திலேயே ஏன் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், மூடுபனி நாளில் தம் வீட்டு அறுகோணம் சிவந்ததற்குப் பக்கத்துத் தொழிற்சாலையைத் திட்டலாகாது என்பதும் கைப்பழக்கமாகத் தெரிந்துவிடுகின்றன. எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பலாகாது என்ற இந்த விவேகத்தை ஊட்டுவதே பட்டறையின் தலையாய பலன் என்று கருதுகிறேன். வரைபடத்தில் ஏறும் எண்கள் அதற்கு அடுத்தபடியானவையே.

இத்தகைய பட்டறைகள் சாத்தியமானதற்குப் பின்னணியில், வட இத்தாலியில் ஒலிவெட்டி தட்டச்சு யந்திரங்களுக்குப் பேர்போன இவ்ரேயா என்ற சிற்றூரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ என்ற சர்க்யூட் போர்டு இருக்கிறது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் பயின்ற ஹெர்னாண்டோ பர்ரகான் தம் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய வயரிங் என்னும் அமைப்பே அதற்கு அடித்தளம். அதன்மேல் மாசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியெல்ஸ் முதலானோர், இன்னும் மலிவாக, பொறியியல் அறியாத மாணவரும் கையாளத்தக்கதாகப் புதிய போர்டைக் கட்டினர். கல்வி நிலையம் மூடப்படும் தறுவாயில் இருந்தமையால், தங்கள் உழைப்பு அதனோடு புதைந்துபோகாதிருக்க, மின்சுற்றின் வரைபடத்தையும் மென்பொருளையும் எவரும் எடுத்து ஆளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். எளியவர் கையில் அளவைக் கருவிகள் வந்து சேர்ந்ததற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம். பர்ரகானுக்கு உரிய பங்கு நெடுநாள் போதிய அளவு பேசப்படாதிருந்தது வருந்தத்தக்கது.

ஆனால் கையால் செய்த கருவியின் மதிப்பை உலகம் உணர்ந்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, ஒரு பேராபத்தில். 2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானின் வடகிழக்குக் கரையில் நிகழ்ந்த பூகம்பத்தையும் சுனாமியையும் அடுத்து, ஃபுக்குஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்திலிருந்து கதிரியக்கப் பொருள்கள் வெளிப்பட்டபோது, அரசாங்கம் நிலையத்தைச் சுற்றி வட்டங்கள் வரைந்தது: 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர் வெளியேற வேண்டும், 20 முதல் 30 வரை இருப்பவர் வீட்டுக்குள் தங்க வேண்டும். காற்றும் மழையும் பனியும் வட்டத்தை மதிப்பதில்லை. மார்ச் 15-ஆம் தேதியளவில் வடமேற்கே வீசிய காற்றில் சென்ற கதிரியக்கப் பொருள்கள் மழையோடும் பனியோடும் நிலத்தில் இறங்கின. பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கு வெளியே கிடந்த ஈத்தாத்தே என்னும் கிராமம் கடுமையாக மாசுபட்டது. அக்கிராமத்தார் வெளியேற வேண்டுமென்ற அறிவிப்பு ஏப்ரல் 22-ஆம் தேதிதான் வந்தது. கதிர்வீச்சு பரவும் திசையைக் கணக்கிடுவதற்கென்றே அரசாங்கம் வைத்திருந்த கணிப்பொறி அமைப்பின் முடிவுகள் உரிய காலத்தில் மக்களை எட்டவில்லை. பொதுஜனங்கள் அரசாங்கத்தின் சொல்லில் நம்பிக்கை இழந்தது இந்த நாட்களில்தான்.

கதிர்வீச்சுமானி வாங்கலாமென்றால், உலகச் சந்தையில் அவை சில நாட்களில் தீர்ந்துவிட்டன. அந்த வாரத்திலேயே ஷான் பானர், பீட்டர் ஃபிராங்கன், ஜோயி இட்டோ முதலானோர் தொடங்கிய முயற்சி சேஃப்காஸ்ட் என்ற பெயரைப் பெற்றது. கருவிகள் பற்றாக்குறையாயிருந்த அந்த நெருக்கடியே அவர்களுடைய நூதன யோசனைக்குத் தாயாயிற்று: ஊருக்கொன்றாக நிறுத்தி வைக்கக் கருவிகள் இல்லையாதலால், இருக்கும் ஒன்றிரண்டைக் கார்களில் ஏற்றி, இடமறியும் ஜி.பி.எஸ். சாதனத்தையும் இணைத்து, சாலை நெடுக அளந்துகொண்டே போவது. டோக்கியோ ஹேக்கர்ஸ்பேஸ் என்ற தொழில்நுட்பப் பொழுதுபோக்காளரின் பட்டறையில் அந்தக் கருவிகள் உருப்பெற்றன; ஜப்பானியர் மதிய உணவு கொண்டுபோகும் பென்டோ பெட்டியை ஒத்த உறையில் அடங்கியதால் 'பிகைகி' என்று பெயராயிற்று. 2013 முதல், பிகைகி நானோ என்ற சிறிய வடிவம், பாகங்களாகப் பிரித்த தொகுதியாக எவருக்கும் கிடைத்தது. அதை மேசையில் பரப்பி, பற்றவைப்புக் கோலோடு பல மணி நேரம் உட்கார்ந்து கட்ட வேண்டும்.

பிகைகி பட்டறையில் முதலில் சொல்லப்பட வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கருவியின் இதயமான வட்டக் குழலின் முகப்பு, மிக மெல்லிய மைக்காத் தகட்டால் ஆனது. விரல் நுனி அழுந்தப் பட்டால் உடைந்துவிடும். அத்தனை மெல்லியதாக ஏன் வைத்தார்கள்? ஆல்பா துகள் ஒரு காகிதத்தைக் கூடத் துளைக்க மாட்டாதது. பீட்டா சற்றுத் தூரம் ஊடுருவும். காமா சுவரையும் கடக்கும். மூன்றையும் உணர வேண்டுமென்றால் வாசல் மெல்லியதாக இருந்தே தீர வேண்டும். உள்ளே வாயு, சில நூறு வோல்ட் மின்னழுத்தம். கதிர் ஒன்று புகுந்து வாயுவின் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெறிந்தால், அது மேலும் பலவற்றைப் பிய்த்து, ஒரு பிரவாகமாகப் பெருகி, 'டிக்' என்ற ஓசையாக வெளிப்படுகிறது. கருவி எண்ணுவது இந்த டிக்குகளை மட்டுமே. நிமிடத்துக்கு 334 துடிப்பானால் மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட் என்று மாற்றிச் சொல்வது, சீசியம்-137 என்னும் ஐசோடோப்பின் காமாக் கதிரை மனத்தில் கொண்டு வகுத்த விகிதம். தரையோடு ஒட்ட வைத்து பீட்டாவையும் சேர்த்து எண்ணிவிட்டு அதே விகிதத்தால் பெருக்கினால், உண்மைக்குப் பொருந்தாத பயங்கரமான எண் வரும். தம் கையால் குழலைப் பொருத்தியவர் இதை மறப்பதில்லை.

அதே கருவியை விமானத்தில் எடுத்துச் சென்றவர்கள், உயரே போகப் போக எண்ணிக்கை ஏறுவதைக் கண்டார்கள். விண்வெளிக் கதிர்களே அதற்குக் காரணம். நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், தோரியம் கலந்த மோனசைட் மணலின்மீது நின்றாலும் டிக்குகள் பெருகும். அங்கே அணுஉலை ஏதும் வெடிக்கவில்லை. கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய மக்கள், எது இயற்கை, எது விபத்தின் விளைவு என்று பிரித்தறியக் கற்றது இத்தகைய அநுபவங்களால். சேஃப்காஸ்ட் அணுசக்தியை ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. அளவுகளை எந்த உரிமைக் கட்டுப்பாடுமின்றிப் பொதுவில் வைப்பதே தன் கடமை என்று நின்றது. அனுப்பப்பட்ட பதிவுகளைத் தன்னார்வலர் ஒருவர் பரிசீலித்த பின்னரே வரைபடத்தில் ஏற்றினார்கள். இன்று அத்தொகுப்பில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கின்றன. கட்சி சாராத அந்த நிதானம் இல்லாமற்போயிருந்தால், அளவுகளின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியிருந்தாலும் இரு தரப்பினரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

கருவி செய்யக் கற்பித்துவிட்டால் மற்றவை தாமே நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு பார்சிலோனாவின் அநுபவம் ஒரு திருத்தமாக அமையும். அங்குள்ள ஃபேப் லேப் என்ற நிலையத்தில் உருவான ஸ்மார்ட் சிட்டிசன் கருவித் தொகுதி, 2012 முதல் பொதுமக்களின் நிதியுதவியோடு பலரிடம் சென்று சேர்ந்தது. ஆனால் ஆர்வத்தோடு வாங்கியவர்களில் பலர் அதை இயக்கவே இல்லை, இயக்கியவரிலும் பலர் விரைவில் கைவிட்டனர். பின்னர், 2015-க்கும் 2017-க்கும் இடையே ஐரோப்பிய நிதியோடு நடந்த மேக்கிங் சென்ஸ் என்ற திட்டத்தில், முறையை மாற்றினார்கள். முதலில் கருவியைக் காட்டவில்லை. உங்களை வருத்துவது எது என்று கேட்டார்கள். கிராசியா வட்டாரத்தில் பிளாசா டெல் சோல் என்னும் சதுக்கத்தைச் சூழ்ந்து வசிப்பவர்கள், இரவெல்லாம் அங்கே கூடிக் குடித்துக் கூச்சலிடுபவர்களால் பல ஆண்டுகளாகத் தூக்கமிழந்திருந்தார்கள், முறையீடுகள் பலிக்கவில்லை. பட்டறைகளில் ஒலியுணரிகளைக் கையாளக் கற்று, பால்கனிகளில் அவற்றைப் பொருத்தி, இரவு நேர அளவுகளைத் திரட்டினார்கள். ஐரோப்பாவுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் பரிந்துரைத்த இரவுச் சராசரி 40 டெசிபல்; சதுக்கத்தின் உச்ச அளவுகளோ 100 டெசிபலைத் தொட்டன. சராசரியும் உச்சமும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல என்பது உண்மை. ஆயினும் இரவுச் சராசரியே கூடப் பரிந்துரையை வெகுவாக மிஞ்சியிருந்தது. அந்த அளவுகளோடு மாநகராட்சியை அணுகியபோது, இளைஞர்கள் உட்காரும் படிகளில் பூந்தொட்டிகளை வைப்பது, குப்பை லாரி வரும் நேரத்தை மாற்றுவது, இரவில் காவலரை அனுப்புவது போன்ற ஏற்பாடுகள் நடந்தன.

இவை சிறிய காரியங்கள். சிறியவையானாலும், வெறும் புலம்பலாக இருந்த ஒரு குறை, அளவாகி, விவாதமாகி, நிர்வாகத்தின் ஆணையாக மாறிய பாதை முழுவதும் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே பட்டறை நடத்துவோர் மின்சுற்றைக் கற்பிப்பதோடு நில்லாமல், அளவு கிடைத்த பிறகு யாரிடம் போவது, என்ன கேட்பது, எதை ஒப்புக்கொள்வது என்பதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகள் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றன. கருவியில் விளக்கு மினுங்கியவுடன் கைதட்டிக் கலைந்துவிடுகின்றன.

இன்னொரு கேள்வியையும் தட்டிக்கழிக்கலாகாது. சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்று செய்யப்படும் மின்னணுக் கருவிகளே நாளை குப்பையாவதில்லையா? ஐக்கிய நாடுகள் சார்ந்த கணக்கெடுப்பின்படி 2022-ஆம் ஆண்டில் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. பல்லாயிரம் தூசிமானிகள் இந்தக் கடலில் ஒரு துளிதான் என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தில் எனக்குத் திருப்தியில்லை. உணரியின் லேசர் விளக்குக்கு ஏறக்குறைய 8,000 மணி நேர ஆயுள்தான் சொல்லப்பட்டிருக்கிறது. இடைவிடாது இயக்கினால் ஓராண்டுக்குள் தீர்ந்துபோகும். ஸ்டுட்கார்ட் குழுவினர் இதையுணர்ந்து, ஏறக்குறைய இரண்டரை நிமிடத்துக்கொரு முறை மட்டும் உணரியை விழிக்கச் செய்து, சில விநாடிகள் அளந்ததும் மீண்டும் உறங்கவிடும்படி மென்பொருளை எழுதினார்கள். இதனால் ஆயுள் பல மடங்கு நீடிக்கிறது. மென்பொருள் மூடிக்கிடந்திருந்தால் இந்தச் சீர்திருத்தம் தயாரிப்பாளரின் கிருபையைப் பொறுத்ததாகவே இருந்திருக்கும்.

திறந்த மூலம் என்ற பெயருக்குள்ளும் திறவாத கதவுகள் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். தூசிமானியின் இணைப்பு முறையும் மென்பொருளும் திறந்தவை. ஆனால் லேசர் உணரி துடிப்புகளை மைக்ரோகிராமாக மாற்றும் கணக்கு அதன் தயாரிப்பாளரோடு இருக்கிறது. வைஃபை சில்லின் உட்கட்டமைப்பும் அப்படியே. பட்டறையில் இதை மறைக்காமல் சொல்லும் ஆசிரியர்களே என் மதிப்பைப் பெறுகிறார்கள். கற்பவருக்குத் தம் அறிவின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும்.

கருவிகள் குப்பையாகாதிருக்க இன்னொரு வழியும் உண்டு. 2009-இல் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பெண்மணி ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பழுதுபார்க்கும் கூடங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. பழுதான ரேடியோவையும் காப்பி யந்திரத்தையும் கொண்டுவந்து, அறிந்தவர் துணையோடு உரியவரே பிரித்துச் சரிசெய்வது அங்கே வழக்கம். கருவி செய்யும் பட்டறையும் பழுதுபார்க்கும் பட்டறையும் தனித்தனியே நடப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தூசிமானியை ஓராண்டு கழித்து உரியவரே எடுத்து வரட்டும். வடிகால் குழாயின் வளைவுகளைக் கழற்றி, உள்ளே கூடுகட்டிய சிலந்தியை அகற்றி, மற்றவர் கருவிகளோடு ஒரே மேசையில் வைத்து அளவுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்கட்டும். விசிறி தேய்ந்திருந்தால் அந்த உணரியை மட்டும் மாற்றினால் போதும். போர்டும் கம்பிகளும் சார்ஜரும் குழாயும் அப்படியே பயன்படும். எந்தப் பாகமும் ஒட்டப்படவில்லை, செருகித்தான் இருக்கிறது.